அவனுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு: மதிப்பெண் கேள்வி பதில்

தேர்வு முடிவு வந்ததும் பிள்ளைகள் என்னிடம் ஓடி வந்து கேட்பது பாடத்தைப் பற்றி இருக்காது. "அவன் எவ்வளவு, நான் எவ்வளவு" என்பதுதான் மனசை அரித்துக்கொண்டிருக்கும். 22 வருஷமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்துகிறேன், கற்றல் பற்றிய ஆராய்ச்சிகளையும் விடாமல் படித்து வருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பள்ளி மாணவன்): டீச்சர், நானும் என் நண்பனும் சேர்ந்துதான் படித்தோம். ஒரே நோட்ஸ், ஒரே புத்தகம். அவனுக்கு 91, எனக்கு 72. எனக்கு மூளை கம்மி என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை தம்பி. 72, 91 என்ற இரண்டு எண்களை வைத்துக்கொண்டு யாருடைய மூளையைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது. 28 மார்க் எங்கே போனது என்பதை உன் விடைத்தாள்தான் சொல்லும். அதை எடுத்துப் பார்த்தாயா? பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. மேலே சிவப்பு மையில் இருக்கிற மொத்தத்தைப் பார்த்துவிட்டு, மடித்துப் பைக்குள் செருகிவிடுகிறார்கள்.

சமீபத்தில் ஒரு மாணவி 64 வாங்கிய தாளோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது. கையில் பென்சிலைக் கொடுத்து, மார்க் போன ஒவ்வோர் இடத்திலும் ஓரத்தில் ஓர் எழுத்துப் போடச் சொன்னேன். பாடமே தெரியாது என்றால் "தெ". படித்தேன், எழுதும்போது ஞாபகம் வரவில்லை என்றால் "ம". தெரிந்தும் கவனமில்லாமல் தப்பாகப் போட்டிருந்தால் "க". நேரம் போதாமல் விட்டிருந்தால் "நே". கூட்டிப் பார்த்தோம்: தெ 9, ம 11, க 6, நே 10. நான்காம் பக்கத்தில் 5 மார்க் கேள்வி ஒன்றை மூன்று தடவை அழித்து அழித்து எழுதியிருந்தாள். அந்த இடத்தில் தாள் நைந்து, மறுபக்கத்து எழுத்து தெரிந்தது. கடைசி 10 மார்க் கேள்விக்கு எண் மட்டும் போட்டிருந்தாள், அதற்குக் கீழே வெறும் தாள். அவளே நான்காம் பக்கத்தில் விரலை வைத்து, "மிஸ், இங்கேதான் மாட்டிக்கிட்டேன்" என்றாள். போன 36 மார்க்கில் அவளுக்கு நிஜமாகவே தெரியாத பாடம் 9 மார்க்குக்குத்தான். உள்ளே வரும்போது எல்லாமே தெரியாது என்ற நினைப்போடு வந்திருந்தாள்.

இன்னொன்று. சேர்ந்து உட்கார்ந்தீர்கள், சரி. அவன் எப்படிப் படித்தான் என்று கவனித்தாயா? ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். சிலர் அதையே மறுபடி படித்தார்கள், சிலர் மூடி வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். 5 நிமிஷம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து அப்படியே தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. படித்த அன்று இரவு எல்லாம் தெரிந்த மாதிரி இருந்து, தேர்வு அறையில் காணாமல் போகிறதே, அதன் காரணம் இதில் இருக்கிறது. உன் தாளில் "ம" நிறைய விழுந்தால், மாற்ற வேண்டியது படிக்கிற முறையைத்தான்.

கேள்வி (கல்லூரி மாணவி): எனக்கு 78, என் தோழிக்கு 81. வீட்டிலும் வகுப்பிலும் அவள்தான் கெட்டிக்காரி என்று ஆகிவிட்டது. மூன்றே மார்க்தான், ஆனால் மனசு ஆற மாட்டேன் என்கிறது.

பதில்: அந்த மூன்று மார்க்கில் அர்த்தம் எதுவும் இல்லை என்று கணக்கே சொல்கிறது. எந்தத் தேர்வும் தராசு மாதிரி துல்லியமாக அளக்காது. எந்தக் கேள்வி வந்தது, அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது, திருத்தியவர் எப்படித் திருத்தினார் என்பதெல்லாம் சேர்ந்து எண்ணை ஆட்டிவிடும். ஒரு தேர்வின் நம்பகத்தன்மை (மதிப்பெண் எவ்வளவு நிலையாக வரும் என்பதன் அளவு, 1 என்றால் ஆட்டமே இல்லை) 0.91, மதிப்பெண்களின் திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 10 என்று வைத்துக்கொள்வோம். நல்ல தேர்வுதான். 1-லிருந்து 0.91 போனால் 0.09, அதன் வர்க்கமூலம் 0.3, பத்தால் பெருக்கினால் 3. இதற்கு அளவீட்டுத் திட்டப்பிழை என்று பெயர். உங்கள் 78 என்பது கிட்டத்தட்ட 75-க்கும் 81-க்கும் இடையில் எங்கேயோ இருக்கிற ஒரு நிலை. உங்கள் தோழியின் 81-ம் அப்படித்தான். அடுத்த வாரமே இன்னொரு வினாத்தாளில் இரண்டு பேரும் எழுதினால் வரிசை மாறக்கூடும். நானே விடைத்தாள் திருத்துகிறவள் என்பதால் சொல்கிறேன், மூன்று மார்க்கை வைத்து இரண்டு பிள்ளைகளைத் தரம் பிரிக்க எனக்குத் துணிவு வராது.

கேள்வி: போன தடவை 68, இந்தத் தடவை 76. ஆனால் ரேங்க் 14-லிருந்து 19-க்குப் போய்விட்டது. முன்னேறினேனா, பின்தங்கினேனா?

பதில்: முன்னேறியிருக்கிறீர்கள் என்பதுதான் என் கணிப்பு. கேள்வித்தாள் எளிதாக இருந்து எல்லோருக்கும் மார்க் ஏறியதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரேங்க் என்பது உங்கள் கையில் இல்லாத 40 பேரையும் சேர்த்துச் சொல்லும் செய்தி. அதிலும் வகுப்பின் நடுப்பகுதியில் கூட்டம் அதிகம். அங்கே ஒரு மார்க் கூடினால் நான்கு இடம் ஏறலாம், ஒரு மார்க் குறைந்தால் ஐந்து இடம் இறங்கலாம்.

கேள்வி (முதலாண்டு): அக்கா, பள்ளியில் எப்போதும் நான்தான் முதல். இப்போது சேர்ந்திருக்கிற கல்லூரியில் நடுவில் எங்கேயோ இருக்கிறேன். வகுப்பில் கை தூக்கவே கூச்சமாக இருக்கிறது. இத்தனை நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேனோ?

பதில்: ஏமாற்றவில்லை. உங்களைச் சுற்றியிருந்த ஆட்கள் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கு ஒரு பெயரே உண்டு: "பெரிய மீன், சின்னக் குளம்". ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியல் ஆய்வாளர் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்தவர். ஒரே திறமை உள்ள இரண்டு பேரில் ஒருவர் சாதாரண வகுப்பிலும் மற்றவர் பொறுக்கியெடுத்த வகுப்பிலும் இருந்தால், பொறுக்கியெடுத்த வகுப்பில் இருப்பவர்தான் தன்னைக் குறைவாக மதிப்பிடுவார். 2003-ல் அவரும் கிட்-டாய் ஹாவும் 26 நாடுகளைச் சேர்ந்த, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயது மாணவர்களின் தகவல்களை அலசினார்கள். கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் இதே கதைதான்.

ஆக, இந்தத் தாழ்வு உணர்ச்சி உங்கள் மனசின் கோளாறு கிடையாது. கெட்டிக்காரர்களை ஒரே இடத்தில் சேர்த்து உட்கார வைத்தால் அவர்களில் பாதிப் பேர் நடுவுக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். எனக்குக் கவலை தருவது அந்தக் கூச்சம்தான். கை தூக்காமல் இருந்தால் சந்தேகம் சேரும். சேர்ந்த சந்தேகம் அடுத்த தேர்வில் மார்க்காகக் குறையும், அப்புறம் "பார்த்தாயா, நான் லாயக்கில்லை" என்று தோன்றும். எல்லோர் முன்னாலும் கேட்க முடியவில்லை என்றால் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்த வாரமே.

கேள்வி: எனக்கு இரண்டாவது இடம். எல்லோரும் வாழ்த்துகிறார்கள். எனக்கு அழுகைதான் வருகிறது. மூன்றாவது வந்தவள் துள்ளிக் குதிக்கிறாள்.

பதில்: 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகத்தை வைத்து மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூவர் ஓர் ஆய்வு செய்து 1995-ல் வெளியிட்டார்கள். வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் சந்தோஷமாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் கண் தங்கத்தின் மேல், வெண்கலக்காரருக்கோ பதக்கமே இல்லாமல் போயிருக்கலாமே என்ற நினைப்பு. உங்கள் அழுகை இயல்பானது. அழுது முடியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: என் வகுப்பில் எல்லோரும் "ஒன்றுமே படிக்கவில்லை" என்பார்கள், முடிவு வந்தால் 95. நான் மட்டும் ராத்திரி பகலாக முட்டி மோதி 70 எடுக்கிறேன்.

பதில்: அந்தப் பேச்சை அப்படியே நம்பாதீர்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல வரவில்லை. மார்க் குறைந்துவிட்டால் மானம் போகாமல் இருக்க முன்கூட்டியே போட்டுக்கொள்கிற கவசம் அது. கஷ்டப்பட்டதை யாரும் வெளியே காட்டிக்கொள்வதில்லை. அலெக்சாண்டர் ஜோர்டானும் உடன் ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்கள் சகாக்களுக்கு எத்தனை மோசமான அனுபவங்கள் இருக்கின்றன என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். அப்படிக் குறைத்து மதிப்பிட்டவர்களிடம் தனிமை உணர்வும் அதிகமாக இருந்தது. உங்கள் உழைப்பு முழுவதும் உங்களுக்குத் தெரிகிறது, மற்றவருடைய மார்க் மட்டும்தான் உங்களுக்குத் தெரிகிறது. இதை வைத்து எப்படி ஒப்பிடுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராத்திரி பகலாக உழைத்தும் 70-லேயே நிற்கிறது என்றால், மேலே சொன்ன "தெ, ம, க, நே" கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதலில் தூக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் நெருங்கிய சிநேகிதிக்கு நல்ல மார்க் வந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. நான் கெட்டவளா?

பதில்: இல்லை. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியல் ஆய்வாளர் 1954-லேயே எழுதியிருக்கிறார்: அளக்க வேறு வழியில்லாதபோது மனிதர்கள் தங்களைப் பிறரோடு ஒப்பிட்டுத்தான் அளந்துகொள்கிறார்கள், அதுவும் தங்களைப் போன்றவர்களோடு. எங்கேயோ முதலிடம் வந்த முகம் தெரியாத ஒருவரைப் பார்த்து வயிறு எரியாது, பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பார்த்தால்தான் எரியும். அவள் உங்களுக்கு அவ்வளவு நெருக்கம். இன்றைக்கே "அன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை, வாழ்த்துச் சொல்ல விட்டுப்போச்சு" என்று சொல்லிவிடுங்கள். நட்பு தாங்கும்.

கேள்வி (ஒரு தாய்): மேடம், மூத்தவள் இந்த வயதில் எல்லாவற்றிலும் முதல். இளையவன் நான்காம் வகுப்பு, பின்தங்குகிறான். வகுப்பிலேயே வயதில் சின்னவன். "அக்காவைப் பார்" என்று சொன்னால் ரோஷம் வரும் என்று நினைத்தேன். இப்போது புத்தகத்தையே தொட மாட்டேன் என்கிறான்.

பதில்: அம்மா, முதலில் வயது. ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வருஷ இடைவெளி இருக்கும். ஒன்பது வயதில் ஒரு வருஷம் என்பது வாழ்ந்த காலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. பெடார்ட், டுயி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2006-ல் பல நாடுகளின் தேர்வுகளைப் பார்த்தபோது, நான்காம் வகுப்பில் வயதில் மிகச் சிறியவர்கள் மிக மூத்தவர்களைவிட 4 முதல் 12 சதமானம் (நூறு பேரை மார்க் வரிசையில் நிறுத்தினால் அத்தனை இடம்) கீழே இருந்தார்கள். எட்டாம் வகுப்பில் அது 2 முதல் 9 ஆகக் குறைந்திருந்தது. உங்கள் மகன் பின்தங்குவதில் ஒரு பங்கு பிறந்த தேதியால் இருக்கலாம்.

இரண்டாவது, "அக்காவைப் பார்". இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர் விடைத்தாள்களை மார்க் வரிசையில் அடுக்கி, மேலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். என் பெயர் வருவதற்குள் கட்டு மெலிந்துகொண்டே போகும். அந்தக் கட்டின் கனத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளை வாங்கியதும் எதில் தப்பு என்று ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை, சீக்கிரம் பைக்குள் வைத்தால் போதும் என்றிருந்தது. ரோஷம் வரவில்லை அம்மா, ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது. உங்கள் மகன் புத்தகத்தைத் தொடாததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். ஒரு மாதம் அக்கா பெயரை எடுக்காமல், அவனுடைய போன மாத நோட்டையும் இந்த மாத நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி (முதுகலை மாணவர்): எனக்கு நல்ல மதிப்பெண்தான். ஆனாலும் அதிர்ஷ்டத்தால் வந்தது, ஒரு நாள் குட்டு வெளிப்படும் என்று பயம்.

பதில்: பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1978-ல் இதைத்தான் விவரித்தார்கள், அதுவும் நிறையச் சாதித்த பெண்களிடம் பார்த்து. மார்க் ஏறினால் பயம் போய்விடும் என்று காத்திருக்காதீர்கள், போகாது. நீங்கள் மதிக்கிற ஒரு மூத்தவரிடம் வாய் விட்டுச் சொல்லுங்கள். "எனக்கும்தான்" என்ற பதில் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: முடிவு வந்ததிலிருந்து சாப்பிடவில்லை, தூக்கம் இல்லை. நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது.

பதில்: இதைப் படிக்கிற இந்த நிமிஷமே, வீட்டிலோ பக்கத்திலோ இருக்கிற ஒரு பெரியவரிடம் போய், எனக்கு எழுதிய இதே வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள். நேரில் முடியாவிட்டால் போன் செய்யுங்கள். தனியாக இருக்காதீர்கள். மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ இன்றைக்கே பார்க்க வேண்டும், கூட வரச் சொல்லுங்கள். அந்த எண்ணம் இப்போதே அழுத்தினால் அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மார்க் பேச்சு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதியதற்கு நன்றி, கண்ணா. மறுபடி எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேள்வி: அடுத்த வாரம் எங்களுக்கு முடிவு. அந்த முதல் நாளை எப்படிக் கடப்பது? வாட்ஸ்அப் குரூப் முழுக்க மார்க்தான் ஓடும்.

பதில்: குரூப்பை முந்தின நாள் ராத்திரியே மியூட் செய்யுங்கள். முடிவை நீங்கள் மட்டும், அல்லது நம்பிக்கையான ஒருவரோடு பாருங்கள். விடைத்தாள் கைக்கு வரும் வரை யாருடைய மார்க்கையும் கேட்க வேண்டாம். உங்களிடம் யாராவது "எவ்வளவு?" என்று கேட்டால், "இன்னும் தாளைப் பார்க்கவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் வாயில் தானாக வரும்.