குடியுரிமை விண்ணப்பமும் ஏழரை மாத மதுரைப் பயணமும்

கேள்வி: எனக்கு 57 வயது. நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். கணவரின் வேலை வழியாக 2012 மார்ச்சில் கிரீன் கார்டு கிடைத்தது. 2021இல் அவர் தவறிவிட்டார். அடுத்த வருடம் அம்மா படுத்த படுக்கையாகிவிட, பள்ளி கேன்டீன் வேலையை விட்டு, வாடகை வீட்டைக் காலி செய்து, நீண்ட நாள் வெளியே இருந்தாலும் திரும்பி வர அனுமதிக்கும் ரீ-என்ட்ரி பெர்மிட்டும் வாங்கிக்கொண்டு 2022 ஜூலை 10 அன்று மதுரைக்குக் கிளம்பினேன். காரியமெல்லாம் முடித்து 2023 பிப்ரவரி 26 அன்று திரும்பினேன். அம்மாவை ஒரு நாள்கூடப் பார்க்காத தம்பி இப்போது வீடு முழுவதும் தனக்கே என்கிறான். அங்கே போய் வழக்குப் போடலாமா என்றிருக்கிறேன். இதற்கு நடுவில் குடியுரிமைத் தேர்வுக்கு இரவெல்லாம் 128 கேள்விகளைப் படிக்கிறேன். ஆங்கிலம் வாயில் வரவில்லை, மருமகள் சிரிக்கிறாள். பயணத்தை ஐந்து மாதம் என்று போட்டுவிடு, பாஸ்போர்ட்டில் அமெரிக்க முத்திரையே இல்லை என்கிறான் மகன். போடலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான்: போன தேதியும் திரும்பிய தேதியும். மருமகள் சிரிப்பதையும் தம்பி பார்க்காததையும் அதிகாரி கேட்கப்போவதில்லை. தேர்வைப் பற்றியும் இப்போது கவலை வேண்டாம். அந்த 128இல் 20 கேள்வி வரை கேட்பார்கள், 12 சரியாக இருந்தால் போதும். தவறினாலும் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு உண்டு. பயண விஷயத்தில் அப்படி உடனே இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

இரண்டு தேதிகளுக்கும் இடையே 231 நாள். விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டில் ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால், நீங்கள் இங்கே தொடர்ந்து வசித்தது அறுந்துவிட்டது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அறுபடவில்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. எதை வைத்துக் காட்டுவது? இங்கே வேலையை விடவில்லை, வீடு அப்படியே இருந்தது, குடும்பம் இங்கேதான் இருந்தது, அங்கே வேலைக்குச் சேரவில்லை. இவைதான் பார்ப்பார்கள். நீங்கள் வேலையையும் விட்டீர்கள், வீட்டையும் விட்டீர்கள். மகன் இங்கே இருந்தது கொஞ்சம் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. அம்மாவின் மருத்துவச் சான்று நீங்கள் ஏன் போனீர்கள் என்பதைச் சொல்லும். இங்கே உங்கள் இருப்பு தொடர்ந்ததைச் சொல்லாது. இந்த ஆவணங்களை வைத்துக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பம் போட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரீ-என்ட்ரி பெர்மிட் இருந்ததே என்பீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது. அந்த பெர்மிட் கிரீன் கார்டைக் காப்பாற்றும். குடியுரிமைக்கான தொடர் வசிப்பைக் காப்பாற்றாது. ஐந்தாண்டில் மொத்தம் 30 மாதம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்பதும் வேறு கணக்கு. அதில் நீங்கள் தேறுவீர்கள், ஆனால் அது இதை ஈடுகட்டாது.

அப்புறம், மகன் சொல்லும் யோசனை. தயவுசெய்து அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நேர்காணலில் முதல் வேலையாக வலது கையை உயர்த்தி, உண்மையே சொல்வேன் என்று சத்தியம் செய்யச் சொல்வார்கள். பிறகு படிவத்தில் எழுதிய ஒவ்வொரு பயணத்தையும் வாய்விட்டுக் கேட்பார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார்கள். அமெரிக்க முத்திரை இல்லாவிட்டால் என்ன, இந்தியக் குடிவரவு அதிகாரி போகும்போதும் வரும்போதும் குத்திய முத்திரை இருக்கிறதே. அதுவும் இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனங்கள் அனுப்பும் பயணிகள் பட்டியல் அரசின் கணினியில் இருக்கிறது. நேர்மையாகச் சொல்லி நிராகரிக்கப்பட்டவர்கள் காத்திருந்து மறுபடி போட்டுக் குடியுரிமை வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். நான்கைந்து வாரத்தைக் குறைத்து எழுதி, அதையே சத்தியத்தின் பேரில் சொன்னவர்களைக் கரையேற்ற முடியவில்லை. சலுகை பெறுவதற்காகச் சத்தியத்தின் பேரில் பொய் சொன்னால், அந்தப் பொய் முடிவை மாற்றக்கூடியதா என்றே பார்க்க வேண்டியதில்லை என்று 1988இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியுரிமைக்கு வேண்டிய நன்னடத்தை இல்லை என்று எழுதிவிடுவார்கள். அவர்கள் கவனிக்காமல் குடியுரிமை கொடுத்துவிட்டாலும், பின்னால் அதையே பறிக்க வழி இருக்கிறது.

இன்னொன்றையும் இன்றைக்கே பாருங்கள். 2022, 2023 வருமான வரிக் கணக்கு 1040 படிவத்தில் போனதா, வெளிநாட்டுவாசிகளுக்கான 1040-என்ஆர் படிவத்திலா? வெளிநாட்டில் இருந்த வருடம்தானே என்று சில வரி ஆலோசகர்கள் இரண்டாவதில் போட்டுவிடுகிறார்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர் வெளிநாட்டுவாசி என்று வரி கட்டினால், நிரந்தர வசிப்பையே கைவிட்டதாக எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறார். அந்த நிலையில் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தைப் போட்டால் பேச்சு குடியுரிமையோடு நிற்காது, குடிவரவு நீதிமன்றத்துக்கு அழைப்பாணை வரை போகலாம். அப்படிப் போட்டிருந்தால் வேறு எதையும் தொடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

சரி, என்ன செய்வது? காத்திருங்கள். திரும்பி வந்த நாளிலிருந்து நான்கரை வருடம் 2027 ஆகஸ்ட் 26இல் முடிகிறது. செப்டம்பரில் விண்ணப்பித்தால், பின்னோக்கிப் பார்க்கும் ஐந்தாண்டுக்குள் அந்தப் பயணத்தில் ஆறு மாதத்துக்கும் குறைவான பகுதியே விழும். பழைய சந்தேகம் எழாது. உங்களுக்கு இதில் இன்னொரு பெரிய லாபமும் இருக்கிறது. 55 வயது தாண்டியவர் கிரீன் கார்டோடு 15 வருடம் இங்கே வசித்திருந்தால் ஆங்கிலத் தேர்வே கிடையாது. 2027 மார்ச்சில் உங்களுக்குக் கிரீன் கார்டு கிடைத்து 15 வருடம் முடிகிறது. மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொண்டு போய், வரலாறு, அரசியல் கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம். இரவெல்லாம் கண்விழிக்க வேண்டாம். தமிழில் பொருள் புரிந்து படித்து வையுங்கள்.

இடையில் நீண்ட பயணம் மட்டும் கூடாது. அதனால்தான் தம்பி மீது வழக்குப் போட மதுரையில் போய் உட்கார வேண்டாம் என்கிறேன். பாகப்பிரிவினை வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நீளும். அடுத்த தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தே மறுபடி ஆறு மாதம் ஓடிவிடும், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். உங்கள் பங்குக்கு ஒரு நியாயமான தொகை பேசி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி முடித்துக்கொள்வதே நல்லது. கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தை நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பினால் நீங்கள் போகாமலே வேலை நடக்கும். அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டச் சொல்லிவிடுங்கள். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் சிக்கல்.