லுகேமியா வைரஸ் உள்ள பூனைக்குட்டி: கொன்றுவிடவும் வேண்டாம், கொண்டுபோய் விடவும் வேண்டாம்

கேள்வி: எங்கள் வீடு வீரவநல்லூரில். மழைக்கு ஒதுங்கி வந்த மூன்று மாதப் பூனைக்குட்டி ஒன்றை மகள் எடுத்து வளர்க்கிறாள். சளியும் காய்ச்சலுமாக இருந்ததால் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். சில சொட்டு ரத்தம் எடுத்து கிட்டில் சோதித்துவிட்டு, லுகேமியா வைரஸ் இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டில் நான்கு வயதுப் பெண் பூனை ஒன்றும் இருக்கிறது; இரண்டும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டன. பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும், எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறார் மாமியார். ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் நல்லது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மாமியாரின் அச்சத்தை முதலில் தீர்த்துவிடலாம். இந்த வைரஸ் பூனை இனத்தைத் தாக்குவது. மனிதர்களுக்கோ, வீட்டில் உள்ள நாய், ஆடு, மாடு, கோழிகளுக்கோ இது தொற்றுவதில்லை. குட்டியைத் தொட்டபின் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கர்ப்பிணிகள் அதன் மலத்தட்டைச் சுத்தம் செய்யக் கூடாது என்பவை எந்தப் பூனைக்கும் பொருந்துகிற விதிகள்தாம். சந்தைப் பக்கமோ ஆற்றங்கரையிலோ கொண்டுபோய் விடுவதுதான் உண்மையில் ஆபத்து. அங்கே குட்டி பட்டினி கிடக்கும். பிழைத்துக்கொண்டாலும் மற்றப் பூனைகளோடு கடிபட்டு அவற்றுக்கும் நோயைக் கொடுக்கும்.

அடுத்தது சோதனை முடிவு. கிட்டில் பார்ப்பது ரத்தத்தில் உள்ள வைரஸின் புரதத்தைத்தான்; நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அல்ல. ஆகவே, தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்பொருளால் முடிவு தவறாகியிருக்குமோ என்று ஐயப்பட வேண்டியதில்லை. இத்தனை சிறிய குட்டியிலும் இந்தச் சோதனைக்கு மதிப்புண்டு. ஆனால் ஒரே ஒரு சோதனையை வைத்து ஓர் உயிரின் முடிவைத் தீர்மானிப்பது எனக்கு உடன்பாடில்லை. கிட்டுகள் சில நேரம் இல்லாததை இருப்பதாகக் காட்டும். அது சரியாகவே காட்டியிருந்தாலும், வைரஸ் புகுந்த எல்லாப் பூனைகளுக்கும் ஒரே கதி நேர்வதில்லை. சில பூனைகள் கிருமியை முற்றாக விரட்டிவிடுகின்றன. வேறு சிலவற்றில் கிருமி ரத்தத்திலிருந்து மறைந்து, எலும்பு மஜ்ஜையின் உயிரணுக்களுக்குள் உறங்கிக் கிடக்கிறது. அத்தகைய பூனைகள் பெரும்பாலும் நோயைப் பரப்புவதில்லை, பல ஆண்டுகள் நலமாகவும் வாழக்கூடும். மீதமுள்ளவற்றில்தான் வைரஸ் ரத்தத்தில் பெருகிக்கொண்டே போய்ச் சோகை, அடுத்தடுத்த தொற்றுகள், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு இட்டுச் செல்கிறது. வயது குறைந்த குட்டிகள் இந்தக் கடைசி வகையில் சேரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

உங்கள் குட்டி எந்த வகை என்பது இன்று யாருக்கும் தெரியாது. இப்போதே ரத்தமெடுத்து ஆய்வகத்தில் பி.சி.ஆர். சோதனை செய்து முதல் முடிவை உறுதிப்படுத்திக்கொண்டு, 6 வாரம் கழித்து கிட் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். அப்போதும் வைரஸ் தெரிந்தால், முதல் சோதனையிலிருந்து 16 வாரம் ஆகும்போது இன்னொரு முறை பாருங்கள். மாதிரியை எங்கே அனுப்பலாம் என்று உங்கள் மருத்துவரிடமோ, ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டுக்கொள்ளலாம். விலை கூடிய மருந்துகளைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் பணம் செல்ல வேண்டிய இடம் இதுதான்.

பெரிய பூனையின் நிலை இன்னும் அவசரமானது. 1964-இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் இந்த வைரஸைக் கண்டறிந்ததற்கே, ஒரே வீட்டில் வாழ்ந்த பல பூனைகளுக்கு அடுத்தடுத்துப் புற்றுநோய் வந்ததுதான் தடயமாக இருந்தது. வைரஸ் முக்கியமாக எச்சில் வழியாகப் பரவுகிறது: ஒன்றையொன்று நக்குவது, ஒரே தட்டில் உண்பது, கடித்துக்கொள்வது. வயது வந்த பூனைக்கு இயற்கையாகவே ஓரளவு தாங்குதிறன் உண்டு என்பதால் அதற்குத் தொற்றாமலும் இருந்திருக்கலாம். இரண்டையும் இன்றே பிரித்து வையுங்கள். தார்சா, பட்டாசல், அடுக்களை என்று நேர்கோட்டில் திறந்து கிடக்கும் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பூனையைத் தடுப்பது எளிதன்று. மச்சில் கதவு சாத்தக்கூடிய அறை இருந்தால் குட்டிக்கு அதுவே ஏற்றது. தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் மலத்தட்டும் தனித்தனியே இருக்கட்டும். பெரிய பூனைக்கு இப்போது ஒரு சோதனையும், பிரித்து வைத்து 6 வாரம் கழித்து மற்றொன்றும் தேவை. நம் ஊர்களில் வழக்கமாகப் போடப்படும் மூன்று நோய்த் தடுப்பூசியில் இந்த வைரஸுக்கான பாதுகாப்பு இல்லை. அதற்கெனத் தனித் தடுப்பூசி உண்டு. பெரிய பூனைக்குத் தொற்று இல்லையென்றால் அதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஏற்கெனவே தொற்றிய குட்டிக்கு அதனால் பயனில்லை.

வீட்டைக் கழுவ சோப்புத் தண்ணீரே போதும். உடலுக்கு வெளியே, உலர்ந்த இடத்தில், இந்த வைரஸ் வெகுநேரம் தாங்காது. கிருமிக்குப் பயந்து பினாயிலை ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள பினால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சமாளிக்க முடியாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே கெடுதல்.

உணவில்தான் நம் வீடுகளில் தெரியாமல் பெருந்தீங்கு நடக்கிறது. மதியம் மிஞ்சிய மீன்குழம்புச் சோற்றைப் பூனைக்கு வைப்பது நமக்கு இயல்பான செயல். குழம்பில் கரைந்திருக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இந்த வைரஸோ மஜ்ஜையில் புதிய ரத்தம் உற்பத்தியாவதையே தடுக்கக்கூடியது. வரவும் நின்று செலவும் கூடினால் குட்டி சில நாட்களில் சோகையில் விழும். எனவே குழம்பு ஒரு கரண்டிகூட வேண்டாம். பச்சை மீன், கறிக்கடைக் கழிவு, பச்சை முட்டை ஆகியவற்றில் உள்ள கிருமிகளை எதிர்க்கும் வலு இந்தக் குட்டிக்கு இல்லை. சாளையோ கோழியோ, உப்பு, மிளகாய் சேர்க்காமல் வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுக்கலாம். ஆனால் நாள்தோறும் மீன் மட்டும் என்பது சரியில்லை. வளரும் குட்டிக்கென விற்கும் தீவனத்தை அடிப்படை உணவாக வைத்து, நாளுக்கு நான்கு வேளை சிறிது சிறிதாகக் கொடுங்கள். பாலும் தயிர்ச்சோறும் ஊட்டமாகா; பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும், சோற்றில் பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்து கிடையாது. சளியால் மூக்கடைத்திருக்கும்போது மணம் தெரியாமல் சாப்பிட மறுக்கும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சு நனைத்து மூக்கைத் துடைத்துவிட்டு, உணவையும் சற்றுச் சூடாக்கி வையுங்கள்.

குட்டியை இனி வெளியே விடக் கூடாது. ஓட்டின்மேல் ஏறிப் பக்கத்து வளவுக்குப் போகாதபடி சன்னலுக்கு வலை அடியுங்கள். உடல் தேறியபின், ஐந்தாறு மாத வயதில், கருத்தடை அறுவை செய்துவிடுவது நல்லது. வெறிநோய் உள்ளிட்ட தடுப்பூசிகளும் தேவைதான். கூடுமானவரை செயலிழந்த கிருமியால் ஆன வகையைக் கேளுங்கள். தெள்ளுப்பூச்சிகள் ரத்தத்தை உறிஞ்சுவதோடு சோகை உண்டாக்கும் வேறு கிருமிகளையும் கொண்டுவருவதால் அவற்றை ஒழிக்க வேண்டும். ஆனால் நாய்களுக்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைமேல் ஊற்றினால் வலிப்பு கண்டு இறந்துவிடக்கூடும்.

நாள்தோறும் ஈறைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பு மாறி வெளுத்தால் சோகை. வாரம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். உணவு இறங்காமல் ஒரு நாள் கழிந்தாலும், காய்ச்சல் 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலும், வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கினாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அவசரத்துக்கு வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் துண்டே குட்டியைக் கொல்லப் போதுமானது. பப்பாளி இலைச்சாறும் நிலவேம்புக் கசாயமும் இந்த வைரஸைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரமில்லை. வலிந்து புகட்டினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

வைரஸை உடலிலிருந்து அறவே நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. சிடோவுடின், இன்டர்பெரான் ஆகியவை சில பூனைகளுக்கு ஓரளவு உதவுகின்றன. சிடோவுடினால் சோகை கூடவும் வாய்ப்புண்டு என்பதால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது. வைரஸ் ரத்தத்தில் நிலைத்துவிட்ட பூனைகளில் பெரும்பாலானவை கண்டறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றன; நல்ல கவனிப்பில் அதைத் தாண்டி வாழ்பவையும் உண்டு. விளையாடி, சாப்பிட்டு, வெயிலில் படுத்துறங்கும் குட்டியைச் சோதனை முடிவுக்காக ஊசி போட்டு முடிப்பதற்கு நியாயமே இல்லை. தீராத வலியும் மூச்சுத்திணறலும் வந்து மருந்து எதுவும் உதவாத நிலையில் மட்டும் அந்தக் கேள்வியை எடுக்கலாம்.

இப்போதைய சளிக்குக் கொடுத்த மருந்தை, குட்டி தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் சொன்ன நாள் வரை கொடுத்து முடியுங்கள். அடுத்த முறை போகும்போது முழு ரத்த அணுக் கணக்கு எடுக்கச் சொல்லுங்கள்; பிறகு ஆறு மாதத்துக்கொருமுறை அதே பரிசோதனையைத் தொடர்ந்து, தாள்களை ஒரே கோப்பில் வைத்திருங்கள். பேருந்தில் போவதானால் மூடியுள்ள கூடையில் துணி விரித்துக் கொண்டுபோங்கள். மருத்துவமனையில் முறை வரும்வரை, மற்றப் பூனைகள் நெருங்காத இடத்தில் கூடையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.