கருணையா, கடனா?

கேள்வி: ஜார்க்கண்டில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயுள்ள ஐந்து குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்று. அரசு ஆஸ்பத்திரியில் ஏற்றிய ரத்தத்தால் வந்தது என்று பெற்றோர்கள் புகார் சொன்னதும், குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். இதே மாதிரி பாதிக்கப்பட்டவர்களுக்கு பிரிட்டனில் லட்சம் கோடி கணக்கில் ஒதுக்குகிறார்கள். மனித உயிருக்கு மதிப்புக் கொடுக்க நம் அரசுகள் வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொள்ளக் கூடாதா?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: கற்றுக்கொள்ளலாம். எதை என்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். இழுத்தடிப்பதில் நம்மவர்களுக்கே வாத்தியாராக இருக்கக்கூடியவர்கள் அவர்கள்.

நீங்கள் சொல்லும் தொகை நிஜம்தான். 2024 அக்டோபர் பட்ஜெட்டில் 1,180 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். நம் காசில் ஒன்றேகால் லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் அந்த ரத்தம் பெரும்பாலும் 1970களிலும் 80களிலும் ஏற்றப்பட்டது. 30,000 பேருக்கு மேல் எச்.ஐ.வி.யோ ஹெபடைடிஸ் என்ற கல்லீரல் நோயோ தொற்றியது. சுமார் 3,000 பேர் இறந்தே போனார்கள். மிச்சமிருப்பவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும்தான் இந்தப் பட்ஜெட்.

அதில் ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைக் கேளுங்கள். ஹாம்ப்ஷையரில் ட்ரிலோர் என்று ஒரு உறைவிடப் பள்ளி. ஹீமோஃபீலியா, அதாவது அடிபட்டால் ரத்தம் உறையாத நோய் உள்ள பையன்களுக்காகப் பள்ளி வளாகத்திலேயே அரசு கிளினிக் இருந்தது. அங்கே போட்ட ஊசிமருந்து ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, ஒன்றாகக் கலந்து செய்தது. கொடுத்தவர்களில் அமெரிக்கச் சிறைக் கைதிகளும் உண்டு, காசு வாங்கிக்கொண்டு கொடுத்தவர்கள். ஒருவரிடம் கிருமி இருந்தால் போதும், மொத்தத் தயாரிப்பும் கெட்டது. 1970 முதல் 87 வரை அங்கே படித்த ஹீமோஃபீலியா பையன்கள் 122 பேர். இன்று உயிரோடு இருப்பவர்கள் ஏறத்தாழ 30 பேர்.

சரி, அரசு என்ன சொன்னது? 1983-ல், ரத்தப் பொருட்கள் வழியாக எய்ட்ஸ் பரவுகிறது என்பதற்குத் தீர்க்கமான ஆதாரம் இல்லை என்றது. அப்புறம், அன்றைய மருத்துவ அறிவுக்கு எட்டிய சிறந்த சிகிச்சையைத்தான் கொடுத்தோம் என்றது. இந்த இரண்டாவது வசனத்தை ஆட்சி மாறினாலும் மாற்றாமல் பல வருஷம் ஒப்பித்தார்கள். 1988-ல் ஒரு அறக்கட்டளைக்கு ஒரு கோடி பவுண்டு கொடுத்தார்கள். அறக்கட்டளை என்பதைக் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவன் அங்கே மனுப் போட்டு, தன் கஷ்டத்தை விளக்கி, அவர்கள் மனசு வைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

1991-ல் நடந்தது இன்னும் மோசம். எச்.ஐ.வி. வந்த ஹீமோஃபீலியாக்காரர்களுக்குப் பணம் கொடுத்தபோது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள்: ஹெபடைடிஸுக்காக இனி அரசு மேல் வழக்குப் போட மாட்டேன் என்று. கையெழுத்துப் போட்ட பலருக்குத் தங்கள் உடம்பில் ஹெபடைடிஸ் சி இருப்பதே தெரியாது. நம்மூர் கந்துவட்டிக்காரன்கூட வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும்போது கடனாவது கொடுத்திருப்பான்.

2017-ல்தான் முழு விசாரணைக்கு உத்தரவு. நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் 2024 மே 20 அன்று அறிக்கை கொடுத்தார். இது விபத்து இல்லை, மூடி மறைத்தார்கள், சுகாதாரத் துறையில் கோப்புகளை வேண்டுமென்றே அழித்திருக்கிறார்கள் என்று எழுதினார். பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. இழப்பீடு வாங்க நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஒரு முறை வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் ஐந்நூறு பேருக்குக்கூடப் பணம் போய்ச் சேரவில்லை. லாங்ஸ்டாஃப் 2025 ஜூலையில் இன்னொரு அறிக்கை எழுதித் திட்ட வேண்டியிருந்தது.

கற்றுக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் நான் ஜப்பானைக் காட்டுவேன், அதுவும் அரைமனதோடு. அங்கேயும் இதே மருந்து, இதே மழுப்பல். இந்த மருந்து விவகாரம் பற்றிய கோப்பே இல்லை என்று சாதித்தது சுகாதார அமைச்சகம். 1996 ஜனவரியில் நவோதோ கான் அமைச்சரானார், தேடச் சொன்னார், சில வாரங்களில் கோப்பு கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் முன்னால் போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதமே ஆளுக்கு 4.5 கோடி யென் என்று வழக்கு சமரசமானது. அமைச்சர் நினைத்தால் அலமாரி திறக்கும்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். இங்கே அரசு அறிவிப்புகளில் அதிகம் தென்படும் சொற்கள் ‘கருணைத் தொகை’, ‘நிவாரணம்’. ‘இழப்பீடு’ என்று வாய்தவறியும் வராது. புயலுக்குக் கொடுப்பது நிவாரணம். அரசு ஆஸ்பத்திரி ஊழியர் தப்பான ரத்தத்தை ஏற்றினால் அதற்குப் பேர் கடன். கடனைத் திருப்பிக் கொடுக்கிறவன் கருணை காட்டுவதாகச் சொல்லக் கூடாது. தலசீமியா குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். 2 லட்சத்தை வாங்கிய தாய் அடுத்த முறையும் ஏதோ ஒரு ரத்த வங்கி வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

வழக்குப் போட்டால் மட்டும்தான் கணக்கு மாறுகிறது. 2002-ல் ஆபரேஷன் பராக்கிரம் என்று எல்லையில் படைகளைக் குவித்த சமயம், ஜம்முவின் சம்பா ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு யூனிட் ரத்தம் ஏற்றிக்கொண்ட விமானப்படை வீரருக்கு 2014-ல் எச்.ஐ.வி. தெரிந்தது. அந்த ரத்தத்தால்தான் என்று படையின் சொந்த மருத்துவக் குழுவே எழுதியது. ஆனாலும் பணம் தர மறுத்தார்கள். தேசிய நுகர்வோர் ஆணையமும் கைவிரித்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம்தான் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுக்கச் சொன்னது.

கோவில்பட்டிக்காரரே, உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணிக்குள் சாத்தூர். 2018 டிசம்பரில் அங்கே அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏற்றியது உங்களுக்கு நினைவிருக்கும். மறு வருஷம் ஜூலையில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை 25 லட்சம் ரூபாயும் வீடும் நிரந்தர வேலையும் கொடுக்கச் சொன்னது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கு 2016-லேயே தொற்று தெரிந்திருந்தும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில்தான் அவருக்கே தெரிந்தது. உடனே ரத்த வங்கிக்குப் போய், என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்த டிசம்பர் முடிவதற்குள் அவர் உயிரோடு இல்லை.