எலக்ட்ரான் மோதும்போது வாயு மூலக்கூறு அயனியாவதோடு நில்லாமல் ஏன் உடைந்தும் போகிறது?

வேகமாக வரும் ஓர் எலக்ட்ரான், மூலக்கூறிலுள்ள வேறோர் எலக்ட்ரானை வெளியேற்றி அதை நேர்மின் அயனியாக்குவதே எலக்ட்ரான் மோதல் அயனியாக்கம். அந்த அயனி பின்பு பிரிந்து சிதறுவது துண்டாதல்.

மீத்தேனையே எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கச் சுமார் 12.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றல் அலகு) போதும். அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியிலோ வழக்கமாக 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் மோதவிடுகிறார்கள். அதில் இரண்டு எலக்ட்ரான் வோல்ட் அளவு அயனிக்குள் தங்கிவிட்டாலே, பிணைப்பு எலக்ட்ரான் ஒன்றை ஏற்கெனவே இழந்து தளர்ந்திருக்கும் அது ஒரு ஹைட்ரஜனை உதிர்த்துவிடும். ஆகவேதான் நிறமாலையில் முழு மீத்தேன் அயனியின் நிறையான 16-இல் உயர்ந்த கோடும், அதைவிடச் சற்றே குட்டையாக, ஒரு ஹைட்ரஜனை இழந்த துண்டின் நிறையான 15-இல் இன்னொரு கோடும் நிற்கின்றன. கயிற்றுக் கட்டிலில் ஓர் இழையை மெல்ல உருவினால் கட்டில் தாங்கும். உருவும் வேகத்தில் கட்டிலே குலுங்கினால் பின்னல் அவிழ்ந்துவிடும்.

இத்துண்டுகள் தொல்லை என்று நினைக்க வேண்டாம். நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் சாதாரணக் கருவியில் 28-இல் ஒன்றாகவே தெரியும். 14-இல் உள்ள துண்டு நைட்ரஜனையும், 12-இல் உள்ளது கார்பன் மோனாக்சைடையும் காட்டிக்கொடுக்கும்.

எலக்ட்ரான் சம்மட்டிபோல் அடித்து மூலக்கூறைப் பிளக்கிறது என்பது பலரிடம் உள்ள தவறான எண்ணம்; மீத்தேனின் நிறையில் ஏறத்தாழ 29,000-இல் ஒரு பங்கே கொண்ட எலக்ட்ரானால் அணுக்களைத் தள்ளிப் பிரிக்க இயலாது, அது விட்டுச்செல்லும் ஆற்றலே பிணைப்பை முறிக்கிறது.