குழாயடியில் நின்ற பிள்ளை

வணக்கம் ஐயா,

என் மகனுக்குப் பத்து வயது. சிறுநீரகம் செயலிழந்ததால் வாரம் 3 நாள் டயாலிசிஸ். ஊசி குத்தும்போதுகூட அழமாட்டான். ‘சமத்து’ என்று நர்ஸ்கள் கொஞ்சுவார்கள். போன வாரம் நள்ளிரவில் குளியலறைக் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அடித்துவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவ்வளவு சமத்தான பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறான்?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கை ஓங்கியது பயத்தில்தான். சிறுநீராக வெளியேறாத தண்ணீர் ரத்த அழுத்தத்தை ஏற்றும், நுரையீரலில் கோத்து மூச்சு முட்டவைக்கும். ஆனால் அடுத்த டயாலிசிஸில் அந்த நீரை 4 மணி நேரத்துக்குள் இழுக்கும்போது கால் குரக்களி பிடித்துத் துடிப்பவன் அவன். அது தெரிந்தும் குடித்தான் என்றால், அவனுக்கு எவ்வளவு தாகம் இருந்திருக்க வேண்டும்!

என் தங்கை மகளும் இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்தாள். “வகுப்பில் யாராவது தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் எனக்கு வேறெதுவும் கேட்காது மாமா” என்றாள் ஒருநாள். இந்த நோய் குழந்தைகளின் வளர்ச்சியையும் பிடித்து நிறுத்தும். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் “மூன்றாம் வகுப்பா?” என்று கேட்பார்கள். ஊசியைவிட அந்தக் கேள்விதான் அவளுக்கு வலித்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அழுவாளாம்.

‘சமத்து’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அவள் நினைவுதான் வரும். அந்தப் பேரைக் காப்பாற்றவே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

தாகத்தைக் கிளப்புவதில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அவனுக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம், வீடு முழுவதற்கும் உப்பைக் குறையுங்கள். டாக்டர் அனுமதித்த ஒரு நாள் அளவைக் காலையிலேயே பாட்டிலில் ஊற்றி அவன் கையில் கொடுத்துவிடுங்கள். மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதற்குள்தான். எப்போது, எத்தனை மடக்கு என்பதை அவன் முடிவு செய்யட்டும். எந்த நாள் ஊசி, என்ன சாப்பாடு என்று மற்ற எல்லாவற்றையும் அடுத்தவர்கள்தானே முடிவு செய்கிறார்கள்.

அன்று குடித்ததை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லப்போவதை முதலில் அவனிடம் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், அடித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தாகம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல உங்களுக்கு அழுகை வந்தால் வரட்டும். அவன் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போய்விடாதீர்கள்.