டவல், கீ கார்டு, புது ஆப்: ஓட்டல்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஓட்டல் ஹவுஸ்கீப்பிங்கில் வளர்ந்து, இப்போது அந்த வேலைக்குப் பயிற்சி தருபவன் நான். தண்ணீரும் கரண்டும் மிச்சமாக வேண்டும், ஊழியர்களும் கூட வரவேண்டும், ஆப் வாங்கினால் நடக்குமா என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள்.

மதுரை லாட்ஜ் மேனேஜர்: "டவலை மறுபடி பயன்படுத்துவதானால் கம்பியில் தொங்கவிடுங்கள்" என்று ரூமுக்கு ரூம் அட்டை வைத்தோம். லாண்ட்ரி பில் குறையவே இல்லை சார். கெஸ்ட் ஒத்துழைக்கவில்லையா?

கெஸ்ட்டைக் குறை சொல்லுமுன் உங்கள் செக்லிஸ்ட்டை எடுத்துப் பாருங்கள். "எல்லா டவலும் மாற்றியாச்சா" என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். கெஸ்ட் ஒழுங்காகக் கம்பியில்தான் போட்டிருப்பார். ரூம் பாய் அதையும் உருவி வண்டியில் போட்டுவிடுவார். விட்டுவைத்தால் சூப்பர்வைசரிடம் திட்டு, எடுத்தால் கேட்க ஆளில்லை. அப்புறம் ஏன் விடுவார்? "கம்பியில் விட்டது எத்தனை, துவைக்க எடுத்தது எத்தனை" என்று கட்டத்தை மாற்றுங்கள்.

அட்டை வாசகத்தையும் கவனியுங்கள். 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற வழக்கமான அட்டைக்கு 37 சதவீதம் பேர்தான் இணங்கினார்கள். இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் டவலை மறுபடி பயன்படுத்தினார்கள் என்று எழுதியதும் 49 சதவீதம் ஆனது. உபதேசத்தைவிட ஊரோடு ஒத்துப்போகும் குணம் வலுவானது.

கோவை, மெயின்டனன்ஸ்: ரூம் கார்டைச் சுவர் ஸ்லாட்டில் செருகினால்தான் கரண்ட் வரும்படி கீ கார்டு சுவிட்ச் வைத்தும் கரண்ட் பில் அப்படியே இருக்கிறது.

கெஸ்ட் வெளியே போயிருக்கும் நேரத்தில் நாலு ரூமைப் பாருங்கள். ஸ்லாட்டில் பழைய விசிட்டிங் கார்டோ மடித்த அட்டையோ இருக்கும், ஏசி ஓடிக்கொண்டிருக்கும். சாதா ஸ்லாட்டுக்கு எந்த அட்டையும் போதும். உங்கள் கார்டை மட்டும் அடையாளம் காணும் வகைக்கு மாறுங்கள். சுத்தம் செய்ய வருகிறவர்களுக்குத் தனிக் கார்டு கொடுங்கள், பாவம், அவர்களுக்கும் ஃபேன் வேண்டாமா? செக்-அவுட் ரூமை முடிக்கும்போது ரிமோட்டை 24-ல் வைத்துவிட்டு வருவதைக் கடைசி வேலையாக்குங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

சென்னை, ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்: புது ஆப்பில் ரூமுக்குள் போன நேரம், வந்த நேரம் எல்லாம் ஏறிவிடுகிறது. எங்கள் அக்காக்களுக்குப் பிடிக்கவில்லை. எப்படிப் பழக்குவது?

ஆப் அவர்களுக்குப் புதிதா என்ன? நாள் முழுக்க போனில் ரீல்ஸ் பார்ப்பவர்கள்தானே. அந்த நேரக் கணக்கை வைத்து வேலையில் கை வைப்பார்களோ என்ற பயம்தான். பயத்துக்குக் காரணமும் உண்டு. 2018-ல் அமெரிக்காவில் மேரியட் ஓட்டல் ஊழியர்கள் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தபோது, தினசரி சுத்தம் வேண்டாம் என்கிற கெஸ்ட்டுக்குச் சலுகை தரும் பசுமைத் திட்டமும் அவர்களுடைய குறைகளில் ஒன்று. வேலை நேரம் குறைகிறது, பல நாள் தொடாத ரூமைச் சுத்தம் செய்வதோ பெரும்பாடு என்றார்கள்.

எனவே யாருக்கும் ஷிஃப்ட் குறையாது என்று முதலில் முதலாளியைச் சொல்லவையுங்கள். ஆப் தமிழில் இருக்கட்டும். எந்த ரூம் காலியானது என்று உடனே தெரிந்தால், கதவு கதவாகத் தட்டிப் பார்க்கும் அலைச்சல் மிச்சம். அது அவர்களுக்கு லாபம். சொட்டும் குழாயைப் படம் எடுத்து அனுப்பினால் பிளம்பர் அன்றைக்கே வரவேண்டும். அனுப்பி அனுப்பி ஆள் வரவில்லை என்றால், அப்புறம் யாரும் படம் எடுக்கமாட்டார்கள்.

திருச்சி, ஓட்டல் உரிமையாளர்: பஃபேயில் வீணாவதை அளக்க கேமரா வைத்த தராசு வாங்கலாமா?

இப்போது வேண்டாம். சாதாரணத் தராசும் மூன்று வாளியும் போதும்: நறுக்கும்போது கழிந்தது, பஃபேயில் மிஞ்சியது, தட்டில் விட்டது. ஒரு மாதம் எழுதுங்கள். பெரும்பாலும் நடு வாளிதான் நிறையும். கடைசி அரை மணி நேரம் சின்னப் பாத்திரத்தில் வையுங்கள்.

அவரே: பொரித்த எண்ணெயை என்ன செய்வது?

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது கெட்டு உருவாகும் பொருட்களை போலார் காம்பவுண்ட் என்பார்கள். அதன் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது, 2018 ஜூலையிலிருந்து சட்டம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவான, பயோடீசலுக்கு வாங்கும் ஆளிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தள்ளுவண்டிக்காரருக்கு மட்டும் விற்றுவிடாதீர்கள்.