மேல்தட்டில் நான், கீழ்த்தட்டில் அவர்

சென்ற இதழில், மகள் வீட்டுக்கு வான்கூவர் போகும் வழியில் ஹாங்காங்கில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பகல் சுற்றியதைப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். அதனால் இந்தப் பக்கம் முழுக்க ஹாங்காங். மூட்டுவலி, மருந்துப் பெட்டி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: மகனைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ போகிறோம். ஹாங்காங்கில் காலை 6 மணிக்கு இறங்கினால் அடுத்த விமானம் இரவு 8 மணிக்கு. எனக்கு 61 வயது, அவருக்கு 66. "ஊருக்குள்ளே போய் மாட்டிக்கக் கூடாது, ஏர்போர்ட்டிலேயே காலை நீட்டிப் படுத்துக்கலாம்" என்கிறார். வெளியே விடுவார்களா? விசா வேண்டுமா? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: என் வீட்டுக்காரரும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார். மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர். எந்தக் கம்பியைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும் என்று நினைத்தே பழக்கம்.

விடுவார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றிப் பார்க்க 14 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். ஆனால் கிளம்பும் முன்பே ஹாங்காங் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்து, வரும் சீட்டை அச்சடித்துக் கையில் வைத்திருக்க வேண்டும். கட்டணம் கிடையாது. பெரும்பாலும் உடனே பதில் வந்துவிடும். 2017 ஜனவரியிலிருந்து இந்த ஏற்பாடு. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறிப் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. நம்மவர்கள் இடறுவது ஒரே இடத்தில்தான்: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயர் என்று ஏறியிருக்கும். நாம் பழக்கத்தில் இனிஷியல் போட்டுவிடுவோம். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்துப் பார்த்து அடியுங்கள்.

இனி நேரக் கணக்கு. பதினான்கு மணி நேரம் என்று மலைக்காதீர்கள். இமிக்ரேஷன் வரிசை, கைப்பைகளை அதற்கான கவுண்டரில் ஒப்படைப்பது எல்லாம் முடிந்து வெளியே வர ஏழரை ஆகும். மாலை 5 மணிக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்தால், ஊருக்குள் கையில் நிற்பது ஏழு மணி நேரம். அதிலும் ஹாங்காங் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அவர்களுக்குக் காலை 6 என்றால் உங்கள் உடம்புக்கு விடியற்காலை மூன்றரை. முகம் கழுவி ஒரு காபி குடித்த பிறகு அவரிடம் பேச்சை ஆரம்பியுங்கள். இறங்கிய கையோடு கேட்டால் 'படுத்துக்கலாம்' என்றுதான் வரும்.

கேள்வி: ஏர்போர்ட்டிலிருந்து ரயிலா, பஸ்ஸா? (வாசகர், ஈரோடு)

பதில்: ரயில் 24 நிமிடத்தில் ஊர் நடுவே கொண்டுபோய் விடுகிறது. கட்டணம் நூறு ஹாங்காங் டாலருக்கு மேல். பஸ் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், முப்பது டாலர் சொச்சம். நாங்கள் போகும்போது பஸ், வரும்போது பயத்தில் ரயில். ஏ21 என்ற மாடி பஸ்ஸில் மேலே முன்சீட்டு கிடைத்தால் விடாதீர்கள். சிங் மா தொங்குபாலத்தின் மேல் போகும். தூண்களுக்கு நடுவே 1,377 மீட்டர். வீட்டுக்காரருக்குத் தூக்கம் கலைந்தது அங்கேதான். பஸ்ஸில் சில்லறை திருப்பித் தர மாட்டார்கள். விமான நிலையத்திலேயே ஆக்டோபஸ் அட்டை ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். பஸ், ரயில், படகு, டிராம், கடையில் தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றுக்கும் அதைத் தட்டினால் போதும். ஆளுக்கு ஒன்று என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வருகிறது.

கேள்வி: பையன் பெரிய பட்டியல் அனுப்பியிருக்கிறான். மலை உச்சி, பெரிய புத்தர், டிஸ்னிலேண்ட், இரவுச் சந்தை. ஒரு நாளில் எதை விடுவது, எதைப் பார்ப்பது? (தம்பதி, கோயம்புத்தூர்)

பதில்: பட்டியலைப் பையனிடமே திருப்பிக் கொடுங்கள். ஸ்டார் ஃபெர்ரி படகில் ஏறுங்கள். இந்த ஊரில் ஒரு பகல் மட்டும் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கி கௌலூன் கரைக்கு நடந்தால் செங்கல்லும் கருங்கல்லுமாக ஒரு மணிக்கூண்டு நிற்கும். 1915-இல் கட்டியது, 44 மீட்டர் உயரம். அங்கே ஒரு பெரிய ரயில் நிலையம் இருந்தது. அதை இடித்து மணிக்கூண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். அதை ஒட்டித்தான் படகுத்துறை. எதிர்க்கரை ஹாங்காங் தீவு. நடுவில் விக்டோரியா துறைமுகம்.

நான் மணிக்கூண்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். "முன்னாடி போறேன், நீ வா" என்று அவர் போனார். நான் போய்க் கூட்டத்தோடு அட்டையைத் தட்டி ஏறிவிட்டேன். படகு புறப்பட்ட பிறகு பார்க்கிறேன், ஆளைக் காணோம். முன்பக்கம், பின்பக்கம், மரப் பெஞ்சு வரிசை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இல்லை. அவர் போனில் உள்ளூர் சிம் கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து என் போனில் மட்டும்தான் போட்டிருந்தோம், சிக்கனம். கரையிலேயே நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தால் மணிக்கூண்டு சிறுத்துக்கொண்டே போகிறது. சுற்றிலும் உலகமே ஆசைப்பட்டு வந்து பார்க்கிற காட்சி. நான் பார்த்தது செருப்புக் கால்களைத்தான். அவர் பழுப்புச் செருப்பு போட்டிருந்தார்.

எதிர்க்கரையில் இறங்கி வந்தால், வேறொரு வழியாகச் சிரித்த முகத்தோடு வருகிறார். அந்தப் படகுக்கு மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் தனித்தனி நுழைவாயில். கீழே ஒரு டாலர் குறைவு. குறைவு என்று பலகையில் பார்த்ததும் அவர் கால் தானாக அந்தப் பக்கம் போயிருக்கிறது. நான் பொரிந்து தள்ள வாயைத் திறப்பதற்குள், "இந்தப் படகு திரும்பவே திரும்பாது தெரியுமா? ரெண்டு முனையும் முன்முனைதான். அதனாலதான் பெஞ்சோட சாய்மானத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ற மாதிரி வச்சிருக்கான்!" என்றார். எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்தில் ஒன்பது நிமிடம் உட்கார்ந்த மனிதருக்கு, மனைவி தொலைந்ததே தெரியவில்லை.

அன்றைக்கு அந்தப் படகில் நான்கு முறை போய் வந்தோம். இரண்டு முறை மேலே, ஒரு முறை கீழே. முதல் தடவையை எதில் சேர்ப்பது என்று இன்னும் தகராறு. நீல நிற மாலுமி உடுப்புப் போட்ட பெரியவர் ஒருவர், நீளக் கழியின் கொக்கியால் கயிற்றை லாவகமாகப் பிடித்துக் கட்டுவதை மட்டும் தவற விடாதீர்கள்.

இந்தப் படகு நிறுவனத்தின் ஆரம்பமே நம் பக்கத்து ஆள் ஒருவரால்தான்: தொராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா என்ற பார்சிக்காரர். 1888-இல் தொடங்கி, பத்து வருடம் கழித்து ஸ்டார் என்று பெயர் மாறியது. மேல்தட்டுக் கட்டணம் 20 சென்டிலிருந்து 25 சென்டாக உயரப் போகிறது என்றதும், 1966-இல் ஓர் இளைஞர் படகுத்துறையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அது ஊரையே பற்றவைத்த கலவரமாகிவிட்டது. ஐந்து சென்ட். இதை அவரிடம் படித்துக் காட்டியபோது, "பாத்தியா, கீழ்த்தட்டுல போனா பிரச்சினையே இல்ல" என்றார்.

ஆகவே: எந்த ஊரானாலும் கிளம்பும் முன், 'தொலைந்தால் எங்கே நிற்பது' என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதன் பிறகு மணிக்கூண்டு. சிம்மும் ஆளுக்கு ஒன்று.

கேள்வி: தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுக்கப் பார்த்ததை விமானம் ஏறிப் போய்ப் பார்ப்பதா? நீங்கள் எழுதியதில் சரக்குக் கப்பல் ஒன்றுகூட இல்லையே? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள் ஐயா. படகில் போகிற இடத்தில் கன்டெய்னர் இறக்குவதில்லை. அதற்கு க்வாய் சுங் என்ற பகுதி; மேற்கே, ஏ21 பஸ்ஸில் வரும்போதே கிரேன்கள் வரிசையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பது தெரியும். 2004 வரை பல ஆண்டுகள் உலகிலேயே அதிக கன்டெய்னர் கையாண்ட துறைமுகம் அது. பிறகு சிங்கப்பூர் முந்தியது, அப்புறம் ஷாங்காய். பக்கத்திலேயே ஷென்சென் வளர்ந்து சரக்கைப் பங்கு போட்டுக்கொண்டது.

ஆனாலும் உங்களைப் போன்றவர் பார்க்க நிறைய இருக்கிறது. எங்கள் படகுக்குக் குறுக்கே இழுவைப் படகுகள், வெளித்தீவுகளுக்குப் போகும் வேகப் படகுகள், மணல் ஏற்றிய தோணி என்று சந்தைக் கடை மாதிரி போக்குவரத்து. எவரும் ஹாரன் அடிக்கவில்லை. கரையை நிரப்பி நிரப்பி நிலமாக்கியதில் இந்தத் துறைமுகம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. இனி நிரப்பக் கூடாது என்று 1997-இல் சட்டமே போட்டார்கள். தீவுப்பக்கப் படகுத்துறையையும் 2006-இல் கடலை நோக்கித் தள்ளி வைத்தார்கள். பழைய துறையை இடிக்கக் கூடாது என்று ஜனங்கள் போராடியும் பலிக்கவில்லை. நீங்கள் போய் வந்து எழுதுங்கள். என்னைவிட உங்களுக்கு நாலு விஷயம் கூடத் தெரியும்.

கேள்வி: சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. பட்டினிதானா? (வாசகி, மதுரை)

பதில்: தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்காததற்கே நன்றி. காய்கறி நூடுல்ஸ் என்று எழுதியிருந்தாலும் கொதிக்க வைத்த தண்ணீர் எலும்புச் சாறாக இருக்கும். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். அதனால் வம்பு வேண்டாமென்று நேதன் சாலையில் சுங்கிங் மேன்ஷன்ஸ் போனோம். 17 மாடிப் பழைய கட்டடம். கீழே பணம் மாற்றும் கடைகள், செல்போன், சமோசா, "மேடம், மேடம்" என்று கூப்பிடும் ஆட்கள். மேலே உணவகங்கள். லிஃப்டில் ஒற்றைப்படை மாடிக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. அது தெரியாமல் தவறான வரிசையில் கால்மணி நேரம் நின்றோம். பருப்பும் சப்பாத்தியும் கிடைத்தது. ருசி? பசிக்கு ருசி.

வாசலில் இரண்டு பேர் தமிழ் பேசிக்கொண்டு போனார்கள். காயல்பட்டினத்துக்காரர்கள். ரத்தினக்கல் வியாபாரத்துக்காக அந்த ஊர்க்காரர்கள் இங்கே வெகுகாலமாக இருக்கிறார்கள். "படகுக்கு இப்படி நேரா போங்கம்மா" என்று அவர்கள்தான் வழி காட்டினார்கள்.

ஒன்று மட்டும் அங்கே குடித்துப் பாருங்கள்: பால் தேநீர். பெரும்பாலும் இலங்கைத் தேயிலை. நீளத் துணிப்பையில் போட்டு வடிகட்டுகிறார்கள். சாயம் ஏறிய அந்தத் துணியைப் பார்த்துப் 'பட்டுக் காலுறைத் தேநீர்' என்று பெயர். நம் டீக்கடைத் துணி வடிகட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. கெட்டிப்பால் ஊற்றி, கருகருவென்று வருகிறது. காபி தவிர வேறெதையும் தொடாத மனிதர் இரண்டு கிளாஸ் குடித்தார்.

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். பகலில் வேண்டாம், இரவில்தான் அழகு என்கிறாரே தோழி? (வாசகி, சென்னை)

பதில்: தோழி சொல்வது சரி. இரவு 8 மணிக்கு இரு கரைக் கட்டடங்களிலும் விளக்கு வேடிக்கை உண்டு. உங்களுக்கு விமானம் நள்ளிரவில் என்றால் போங்கள்.

கேள்வி: நான் கடை கடையாக நிற்பேன், அவர் விறுவிறுவென்று நடப்பார். ஒரு நாள் முழுக்க ஒத்துப்போகுமா? (வாசகி, சேலம்)

பதில்: ஒத்துப்போகாது. ஒன்றரை மணி நேரம் பிரிந்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், இந்த முறை தெரிந்தே. தீவுப் பக்கம் மலைச்சரிவில் 1993-இல் போட்ட நகரும் படிக்கட்டு இருக்கிறது, 800 மீட்டருக்கு மேல். காலை 10 மணி வரை இறங்கும், பிறகு ஏறும். நான் அதில் ஏறி ஹாலிவுட் சாலையில் மான் மோ கோயிலுக்குப் போனேன். 1847-இல் கட்டியது. படிப்புக்கு ஒரு சாமி, வீரத்துக்கு ஒரு சாமி. கூரையிலிருந்து பெரிய பெரிய ஊதுவத்திச் சுருள்கள் தொங்குகின்றன. ஒரு சுருள் பல நாள் எரியுமாம். சாம்பல் என் தலையில் உதிர்ந்தது. பேத்தியின் பரீட்சைக்கு வேண்டிக்கொண்டு வந்தேன்.

அவர் டிராமில் ஏறிக் கடைசி வரை போய்த் திரும்பினார். 1904-இலிருந்து ஓடுகிற டிராம், மாடி வந்தது பிறகுதான். மூன்று டாலர் சொச்சம். பின்னால் ஏறி, முன்னால் இறங்கும்போது காசு. எவ்வளவு தூரம் போனாலும் அதே கட்டணம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

கேள்வி: புயல் காலம் என்கிறார்களே, எப்போது போகலாம்? மீந்த பணத்தை என்ன செய்வது? (வாசகர், புதுச்சேரி)

பதில்: கோடையில் புயல் வரும். 8-ஆம் எண் எச்சரிக்கை ஏற்றினால் படகு நிற்கும், கடைகள் மூடும். அன்று ஏர்போர்ட்டில் காலை நீட்டிப் படுப்பதே மேல். நாங்கள் போனது நவம்பர், வியர்க்கவில்லை.

மீந்ததில் மகளுக்கு பிஸ்கட் வாங்கினோம். ஓர் இரண்டு டாலர் நாணயம் மட்டும் வீட்டுக்காரர் சட்டைப்பையில் தங்கிவிட்டது. நம் பழைய பத்துப் பைசா மாதிரி விளிம்பு நெளிநெளியாக இருக்கும். இப்போது அது எங்கள் வீட்டுச் சாவிக் கிண்ணத்தில் கிடக்கிறது. நான் தேடும்போதெல்லாம் சாவிக்கு முன்னால் அதுதான் கையில் அகப்படுகிறது.